எண்ணெய்வித்துப் பயிரில் வீரிய ஒட்டு: எந்த ஆண் மலட்டு முறையைக் கையில் எடுப்பது?

சூரியகாந்தியின் ஒரு கொண்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னப் பூக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி, தினம் சில வட்டங்களாகப் பூத்து முடிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இந்தப் பூ ஒவ்வொன்றிலும் இடுக்கியை விட்டு மகரந்தப்பையைப் பிடுங்கி, வேறு செடியின் மகரந்தத்தைப் போட்டு ஒட்டு விதை தயாரிப்பது ஆராய்ச்சி வயலில் நாலு கொண்டைக்குச் சரி, எக்டேர் கணக்கில் நடக்காது. கடுகும் அப்படித்தான், குசும்பாவும் அப்படித்தான். தாயாக நிற்கும் செடி தானாகவே மகரந்தம் தராமல் இருந்தால்தான் விதை நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும்.

அதற்குப் பல வழிகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வரும் மலட்டுத்தன்மை, உட்கரு மரபணுவிலிருந்து வருவது, மரபணு மாற்றத்தால் புகுத்துவது, மருந்து தெளித்து உண்டாக்குவது, ஆமணக்கில் மட்டும் கிடைக்கும் முழுப்பெண் செடி. இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் லேசில் மாற முடியாது. நல்ல தாய் லைன்கள் (குணம் மாறாமல் பெருக்கப்படும் பெற்றோர் வரிசைகள்) ஒவ்வொன்றையும் அந்த முறைக்குள் கொண்டுவர ஆறேழு தலைமுறை பின்கலப்பு, அதாவது அதே பெற்றோரோடு திரும்பத் திரும்பக் கலப்பது, போகும். தந்தை லைன்களையும் அதற்கேற்ப வளர்த்தாக வேண்டும். பாதி வழியில் வேறு முறைக்குத் தாவினால் மொத்தத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

இந்த முடிவை எடுக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எதில் மலட்டுத்தன்மை நூற்றுக்கு நூறு?" என்பது. என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வர வேண்டிய கேள்வி. மலட்டுச் செடி கிடைப்பது அவ்வளவு அபூர்வம் இல்லை. பெரிய வயலில் பூக்கும் பருவத்தில் பொறுமையாகத் தேடினால் அகப்படும். சொந்த மகரந்தமே இல்லாத அந்தச் செடியை வருடா வருடம் எப்படிப் பெருக்குவது? அதன் பிள்ளை விவசாயியின் வயலில் மறுபடி மகரந்தம் தர என்ன ஏற்பாடு? பணமும் ஆளும் இந்த இரண்டு இடத்தில்தான் கரைகின்றன. அதனால் ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாவது கேள்வி எண்ணெய்வித்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே விதைதான் விளைச்சல். முட்டைக்கோஸில் ஒட்டுச் செடி மலடாகவே இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை, இலையைத்தானே சாப்பிடுகிறோம். சூரியகாந்தியிலும் கடுகிலும் விவசாயி வயலில் நிற்கும் ஒட்டுச் செடி பூத்துக் காய்த்தாக வேண்டும். காய்கறிக்குப் பொருந்திய மலட்டு முறையை அப்படியே எண்ணெய்வித்துக்குத் தூக்கி வர முடியாததற்கு இதுதான் காரணம்.

சைட்டோபிளாச மலட்டுத்தன்மை: மூன்று லைன் கணக்கு

சிஎம்எஸ் என்று எல்லோரும் சொல்லும் இந்த முறையில் கோளாறு இருப்பது, செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் இருந்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில். மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டுமே பிள்ளைக்குப் போகும். ஆகவே மலட்டுச் செடியின் விதையில் வளரும் எல்லாமே மலடு, உட்கருவில் அதைச் சரிசெய்யும் மரபணு இருந்தாலொழிய.

நடைமுறையில் மூன்று லைன்கள் வேண்டும். ஏ லைன் மலட்டுத் தாய். பி லைன் அதன் இரட்டை. உட்கரு ஒன்றே, மைட்டோகாண்ட்ரியா மட்டும் நல்லது. ஏ-யின் மேல் பி-யின் மகரந்தம் விழுந்தால் மறுபடி ஏ கிடைக்கும், அத்தனை செடியும் மலடு. ஆர் லைன் வளம் மீட்கும் தந்தை. அதன் மகரந்தம் ஏ-யில் விழுந்து உண்டாகும் விதைதான் விவசாயிக்குப் போகும் வீரிய ஒட்டு. புதிய லைன் ஒன்றை ஏ ஆக்க வேண்டுமானால் பழைய ஏ-யோடு கலந்து, பிறகு அதே லைனின் மகரந்தத்தைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். முதல் பின்கலப்பில் நமக்கு வேண்டிய உட்கரு சராசரியாக 75 சதவீதம் வந்திருக்கும், இரண்டாவதில் 87.5, ஆறாவதில் 99.2. வருடத்துக்கு இரண்டு பருவம் எடுக்க முடிந்தால் மூன்று நாலு வருடத்தில் முடிக்கலாம்.

இந்த வகை மலட்டுத்தன்மை முதன்முதலில் விவரிக்கப்பட்டது ஒரு எண்ணெய்வித்துப் பயிரில்தான். 1921-இல் பேட்சனும் கெய்ர்ட்னரும் ஆளிச் செடியில் இதைக் கண்டு எழுதினார்கள். இத்தனைக்கும் பிறகு ஆளியில் அதைக் கொண்டு ஒட்டு ரகம் பரவவில்லை. ஒரு காரணம் சாதாரணமானது: மலட்டுச் செடியின் பூ சரியாக விரிவதில்லை. விரியாத பூவுக்குள் பூச்சி எப்படிப் போகும்? மலட்டுத்தன்மையில் எந்தக் குறையும் இல்லை, மகரந்தம் வந்து சேர வழிதான் இல்லை.

சூரியகாந்தியில் கதை நேர்மாறு. பிரான்சில் லெக்லெர்க் என்பவர் ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிஸ் என்ற காட்டு இனத்தைப் பயிர்ச் சூரியகாந்தியோடு கலந்து, பின்கலப்பில் கிடைத்த மலட்டுச் செடியை 1969-இல் அறிவித்தார். அடுத்த வருடமே அமெரிக்காவில் கின்மன் அதை மீட்கும் மரபணுவைக் கண்டார். 1972-இல் ஒட்டு ரகங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. இந்தியாவில் 1980-இல் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் பிஎஸ்ஹெச்-1 என்ற ஒட்டை வெளியிட்டது. 234ஏ தாய், ஆர்ஹெச்ஏ 274 தந்தை. மலட்டுத்தன்மையும் மீட்பும் அடுத்தடுத்த வருடத்தில் கையில் கிடைத்ததுதான் இந்த வேகத்துக்குக் காரணம். மீட்பு மரபணு கிடைக்க இருபது வருடம் ஆகியிருந்தால் சூரியகாந்தியின் வரலாறே வேறு மாதிரி போயிருக்கும்.

ஏ லைன் வயலில் காலையில் நடந்து பார்த்தால் இதை விரலாலேயே சோதிக்கலாம். வளமான கொண்டையில் புதிதாகப் பூத்த வட்டத்தைக் கட்டைவிரலால் தடவினால் மஞ்சள் பொடி ஒட்டும். மலட்டுக் கொண்டையில் மகரந்தப்பைக் குழல் சூம்பி, நிறம் மங்கி, பூவின் வாயைத் தாண்டி எழும்பாமல் கிடக்கும். விரலில் ஒன்றும் ஒட்டாது. சந்தேகம் இருந்தால் அசிட்டோகார்மின் துளி விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உயிருள்ள மகரந்தம் சிவப்பேறி உருண்டையாக நிற்கும், மலட்டு மகரந்தம் வெளிறிச் சுருங்கியிருக்கும்.

தந்தை லைனில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சூரியகாந்தி ஆர் லைன்கள் பல, கிளைவிடும் செடிகள். ஒரே கொண்டை என்றால் ஒரு வாரத்தில் மகரந்தம் தீர்ந்துவிடும். கிளைகளில் சின்னச் சின்னக் கொண்டைகள் அடுத்தடுத்துப் பூத்தால் தாய் பூக்கும் காலம் முழுவதும் மகரந்தம் கிடைக்கும். கிளைவிடும் குணம், இரண்டு பிரதியும் இருந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு மரபணுவால் வருவதால், விவசாயி வயலில் ஒட்டுச் செடி ஒற்றைக் கொண்டையோடுதான் நிற்கும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று.

சிஎம்எஸ்ஸின் குறை எங்கே? உலகின் சூரியகாந்தி ஒட்டுகள் ஏறக்குறைய எல்லாமே லெக்லெர்க் கண்ட அந்த ஒரே சைட்டோபிளாசத்தில் நிற்கின்றன. பெட்-1 என்று அதற்குப் பெயர். ஒரே சைட்டோபிளாசத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை 1970-இல் அமெரிக்க மக்காச்சோளம் காட்டியது. டெக்சாஸ் சைட்டோபிளாசம் அன்று ஒட்டு விதையில் பெரும்பகுதியைப் பிடித்திருந்தது. அந்த மைட்டோகாண்ட்ரியா உண்டாக்கும் ஒரு புரதத்தின் மேல் வேலை செய்யும் நச்சைச் சுரக்கும் பூஞ்சை இனம் ஒன்று பரவியதும் நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று. பெட்-1-இல் இத்தனை வருடமாக அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது உண்மை. அதற்காக மாற்று சைட்டோபிளாசத்தைத் தேடாமல் இருப்பது சரியில்லை. வேறு காட்டு இனங்களிலிருந்து பல சைட்டோபிளாசங்கள் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஏற்ற மீட்பு மரபணுவை நல்ல தந்தை லைன்களுக்குள் கொண்டுவருவது நீண்ட வேலை. வணிகத்தில் எல்லோரும் கைவசம் இருப்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரேப்சீட், கடுகு: சைட்டோபிளாசத்துக்குள்ளேயே ஒரு தேர்வு

சூரியகாந்தியில் சிஎம்எஸ் என்று முடிவு செய்தால் அநேகமாக வேலை முடிந்தது. கடுகின் நெருங்கிய உறவான ரேப்சீட்டிலும், கடுகிலும் அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது, ஏனென்றால் கையில் பல சைட்டோபிளாசங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லங்கம்.

போலிமா என்பது சீனாவில் ஃபூ டிங்டாங் 1972-இல் ஒரு ரேப்சீட் ரகத்தில் கண்டது. இதை மீட்கும் தந்தைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிக்கல் தட்பவெப்பத்தில். பூக்கும்போது குளிர் அல்லது வெப்பம் எல்லை தாண்டினால் மலட்டுச் செடி கொஞ்சம் கொஞ்சமாக மகரந்தம் விட ஆரம்பிக்கும். தாய் வரிசையில் அப்படி விழும் மகரந்தம் தாயையே கருவுறச் செய்யும். ஒட்டு விதை மூட்டைக்குள் சுயவிதை கலந்துவிடும். அது வெளியே தெரியாது, விவசாயி வயலில் செடி வளர்ந்த பிறகுதான் தெரியும்.

ஓகுரா இதற்கு நேர் எதிர். 1968-இல் ஜப்பானில் ஓகுரா என்பவர் முள்ளங்கியில் கண்ட மலட்டுத்தன்மை இது. எந்த வெப்பநிலையிலும் மலட்டுத்தன்மை அசையாது. முள்ளங்கியின் சைட்டோபிளாசத்தை 1970-களில் பிரான்சில், ரேப்சீட்டும் கடுகும் சேர்ந்த பிராசிக்கா பேரினத்துக்குள் கொண்டுவந்தபோது இரண்டு தொல்லைகள் கூடவே வந்தன. குளிரில் இலை வெளுத்தது. பச்சையத்தைத் தாங்கும் முள்ளங்கியின் பசுங்கணிகத்துக்கும் பிராசிக்காவின் உட்கருவுக்கும் ஒத்துப்போகவில்லை. பூவில் தேன் சுரப்பி சரியாக வளரவில்லை, தேனீ எட்டிப் பார்க்கவில்லை. 1983-இல் பெல்லெட்டியே குழுவினர் செல்சுவர் நீக்கிய செல்களை இணைத்து, பிராசிக்காவின் பசுங்கணிகமும் முள்ளங்கியின் மலட்டு மைட்டோகாண்ட்ரியாவும் ஒரே செடியில் இருக்கும்படி செய்தார்கள். இலை வெளுப்பது நின்றது.

அப்புறம் மீட்பு. பிராசிக்கா ரகம் எதுவும் ஓகுராவை மீட்காது. மீட்பு மரபணு முள்ளங்கியில்தான் இருந்தது, அதையும் அங்கிருந்தே எடுத்து வர வேண்டியதாயிற்று. அந்த மரபணுவோடு முள்ளங்கியின் குரோமோசோம் துண்டு ஒன்றும் பெரிதாக ஒட்டி வந்தது. அதனால் விதையில் குளுக்கோசினோலேட் என்ற, தீவனத்துக்கு ஆகாத காரப் பொருள் ஏறியது. பிண்ணாக்கைத் தீவனமாக விற்கும் சந்தையில் அது எடுபடாது. கலப்பும் காமா கதிரும் கொண்டு அந்தத் துண்டைச் சிறிதாக்கி, குளுக்கோசினோலேட் குறைந்த மீட்பு லைனைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய பிறகுதான் ஓகுரா ஒட்டுகள் தலையெடுத்தன. மீட்பு லைன் தயாராகும் முன் ஐரோப்பாவில் ஒரு குறுக்குவழியும் பார்த்தார்கள்: மலட்டு ஒட்டு விதையோடு மகரந்தம் தரும் ரகத்தை ஐந்தில் ஒரு பங்கு கலந்து விற்றார்கள். வயலில் நிற்கும் செடிகளில் ஐந்தில் நாலு பங்கு, மீதி ஒரு பங்கின் மகரந்தத்தை நம்பி நிற்க வேண்டும். பூக்கும் வாரத்தில் குளிரடித்து மழை பெய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மீட்பு இல்லாத சிஎம்எஸ்ஸை எண்ணெய்வித்தில் யாராவது சிபாரிசு செய்தால் இந்த ஒரு உதாரணத்தைச் சொன்னால் போதும்.

கடுகில் மொரிகாண்டியா ஆர்வென்சிஸ் என்ற காட்டு இனத்தின் சைட்டோபிளாசம் இந்தியாவில் உருவாக்கப்பட்டது. அங்கும் இலை வெளுத்தது, அதுவும் செல் இணைப்பால்தான் சரியானது. மீட்பு மரபணு அதே காட்டு இனத்திலிருந்து வந்தது. தூரத்து உறவிலிருந்து மலட்டுத்தன்மையை எடுத்தால் மீட்பையும் அங்கிருந்தே எடுக்க நேரும், ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத குணங்களையும் துடைக்க நேரும். கிட்டத்து உறவில் எடுத்தால் மீட்பு எளிது, மலட்டுத்தன்மை ஆட்டம் காணும். என் கணக்கில் தூரத்து உறவே பரவாயில்லை. துடைக்கும் வேலை ஒருமுறை செய்தால் முடிந்தது. வெப்பநிலையோடு மல்லுக்கட்டுவது ஒவ்வொரு பருவமும் வரும்.

உட்கரு மலட்டுத்தன்மை: எளிதாகக் கிடைக்கும், ஆளைத் தின்னும்

ஜிஎம்எஸ் எனப்படும் இதில் கோளாறு உட்கருவின் ஒரு மரபணுவில். பெரும்பாலும் ஒடுங்கு மரபணு. சைட்டோபிளாசத்தை மாற்ற வேண்டியதில்லை, இலை வெளுக்காது, ஒரே சைட்டோபிளாச அபாயமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரண வளமான லைன் எதுவும் அதை மீட்கும். தந்தையைத் தேடும் வேலையே இல்லை. எந்த லைனோடும் கலந்து ஒட்டுவீரியம் எங்கே அதிகம் என்று பார்க்கலாம். மீட்பு மரபணு உள்ள நாலு தந்தைகளுக்குள் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் தாய் லைனைப் பெருக்கும்போது மாட்டிக்கொள்வோம். மலட்டுச் செடியை, ஒரு பிரதி நல்லது ஒரு பிரதி கெட்டது என்று வைத்திருக்கும் வளமான உடன்பிறப்போடு கலக்க வேண்டும். விதையில் பாதி மலடு, பாதி வளம். ஒட்டு விதை வயலில் தாய் வரிசையில் விதைப்பதும் இந்தக் கலவையைத்தான். வளமான பாதியை மகரந்தம் விடும் முன் பிடுங்கி எறிய வேண்டும். எக்டேரில் கடைசியாக 80,000 தாய்ச் செடிகள் நிற்க வேண்டுமென்றால் 1,60,000 செடிகள் வளர்த்து, 80,000 செடிகளைப் பிடுங்க வேண்டும். எது மலடு என்பது முதல் பூ பூக்கும்போதுதான் தெரியும். எல்லாச் செடியும் ஒரே நாளில் பூப்பதில்லை. தினமும் விடிந்ததும் வரிசை வரிசையாகப் போய், புதிதாகப் பூத்த ஒவ்வொன்றையும் பார்த்து, மகரந்தம் உள்ளதைப் பிடுங்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு நாள் ஆள் வராமல் போனால் அன்றைக்குத் தேனீக்கள் சும்மா இருக்காது.

குசும்பாவில் இந்த முறையில்தான் ஒட்டுகள் வந்தன. இந்தியா 1997-இல் டிஎஸ்ஹெச்-129, எம்கேஹெச்-11 என்ற இரண்டை வெளியிட்டது. ரகங்கள் நன்றாகத்தான் இருந்தன; கசந்தது விதை உற்பத்தி. குசும்பாவுக்கு முள் வேறு. முள்ளுச் செடிகளுக்கு நடுவே நடந்து பாதிச் செடியைப் பிடுங்க ஆள் சொல்லிப் பாருங்கள். முள்ளில்லாத ஒட்டும் அப்புறம் வந்தது, சிஎம்எஸ் வழியில் குசும்பா ஒட்டும் வந்தது.

சீனாவில் ரேப்சீட் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பாதிக்குப் பாதிச் சிக்கலுக்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டார்கள். மலட்டு மரபணுவோடு அதை அடக்கி வைக்கும் இன்னொரு மரபணுவும் சேர்ந்து வேலை செய்யும் லைன்களில், தற்காலிகப் பராமரிப்பு லைன் ஒன்றைக் கலந்தால் முழுக்க மலடான செடிகள் கிடைக்கும். அதைத் தாயாக நிறுத்தித் தந்தையோடு கலந்தால், பிடுங்கும் வேலை ஒட்டு விதை வயலில் இராது. முந்தைய கட்டத்தின் சிறு வயலோடு முடிந்துவிடும். டிஎன்ஏ குறியீடுகள் வந்தபின் நாற்றிலேயே மலட்டுச் செடியை அடையாளம் காணவும் முடிகிறது. இனவிருத்திப் பாத்திக்கு அது கட்டுப்படியாகும், எக்டேர் கணக்கான வயலில் ஒவ்வொரு செடிக்கும் சோதனை செய்வது நடவாது.

மரபணு மாற்றம்: தொழில்நுட்பத்தில் சுத்தம், அனுமதியில் சிக்கல்

ஜிஎம்எஸ்ஸின் பாதிக்குப் பாதிப் பிரச்சினையை அழகாகத் தீர்த்தது பார்னேஸ்-பார்ஸ்டார் முறை. பார்னேஸ் என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதி, ஆர்என்ஏவைச் சிதைக்கும். மகரந்தத்துக்கு ஊட்டம் தரும் டேபீட்டம் என்ற அடுக்கில் மட்டும் அது வேலை செய்யும்படி புகுத்தினால் அந்த அடுக்கு அழிந்து மகரந்தம் உருவாகாது. பார்ஸ்டார் அதே பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் புரதம். பார்னேஸைப் பிடித்துக் கட்டிவிடும். தந்தை லைனில் பார்ஸ்டாரை வைத்தால் ஒட்டுச் செடியில் வளம் திரும்பும். 1990-இல் மலட்டுத்தன்மையும் 1992-இல் மீட்பும் வெளியாயின.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், பார்னேஸோடு களைக்கொல்லி தாங்கும் மரபணுவையும் சேர்த்துக் கட்டியதில். தாய் லைன் பெருக்கும்போது இங்கும் பாதிதான் மலடு. ஆனால் நாற்றுப் பருவத்தில் குளுஃபோசினேட் என்ற அந்தக் களைக்கொல்லியைத் தெளித்தால் வளமான பாதி தானே கருகிவிடும். காலையில் ஆள் போய்ப் பூப் பூவாகப் பார்க்கும் வேலை ஒரு தெளிப்பில் முடிந்தது. கனடாவில் 1990-களின் நடுவில் கனோலா என்ற ரேப்சீட் வகையின் ஒட்டுகள் இந்த முறையில் வந்து பெரும் பரப்பைப் பிடித்தன.

இதே முறையில் டெல்லி பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழுவினர் உருவாக்கியதுதான் டிஎம்ஹெச்-11 கடுகு. வருணா ரகத்தில் பார்னேஸ், எர்லி ஹீரா-2 லைனில் பார்ஸ்டார். இந்தியாவில் 2022 அக்டோபரில் சுற்றுச்சூழல் வெளியீட்டுக்கு நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். களைக்கொல்லி தாங்கும் மரபணு விதை உற்பத்தி வசதிக்காக வைக்கப்பட்டது. ஆனால் அது ஒட்டுச் செடியிலும் இருக்கிறது. விவசாயிகளும் அதைத் தெளிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது எதிர்ப்பவர்களின் முக்கியக் கேள்விகளில் ஒன்று.

தேர்வு செய்பவருக்கு இதில் உள்ள பாடம் கட்சி சார்ந்தது கிடையாது. உங்கள் விதை போகும் நாட்டில் அனுமதி இருக்கிறதா, ஏற்றுமதி போகும் நாட்டில் இருக்கிறதா, கால அட்டவணை உங்கள் கையில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். அனுமதி உள்ள இடத்தில் இது முதல் தரமான முறை. இல்லாத இடத்தில் இதை மட்டும் நம்பி மொத்தத் திட்டத்தையும் கட்டினால் பல வருட உழைப்பு பெட்டியில் கிடக்கும்.

மருந்து தெளித்தல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சூரியகாந்தியில் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியையும், ரேப்சீட்டில் ட்ரைபெனூரான்-மெத்தில் போன்ற களைக்கொல்லிகளைக் குறைந்த அளவிலும் தெளித்து மகரந்தத்தைக் கெடுக்கலாம். ஏ, பி, ஆர் என்று எதையும் உருவாக்க வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம். ஆனால் மொட்டின் வயது, மருந்தின் அளவு, மழை மூன்றும் ஒத்துவர வேண்டும். கடுகிலும் ரேப்சீட்டிலும் கிளைகள் முன்பின்னாக மொட்டு விடுவதால் ஒரே தெளிப்பில் எல்லாம் அடங்காது. அளவு கூடினால் பெண் பகுதியும் அடிவாங்கும். வணிக விதைக்கு இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். எந்தத் தாயும் எந்தத் தந்தையும் சேர்ந்தால் வீரியம் கூடுகிறது என்று முன்கூட்டியே சோதிக்க மட்டும் இதைவிட மலிவான வழி இல்லை.

ஆமணக்கு, எள், சோயா

ஆமணக்கில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே குலையில் தனித்தனியாக வரும். கீழே ஆண், மேலே பெண். ஆகவே அங்கே ஆணை மலடாக்கத் தேவையில்லை, ஆண் பூவே வராத செடி போதும். அப்படிப்பட்ட முழுப்பெண் லைன் ஒன்றைத் தாயாக வைத்துக் குஜராத்தில் ஜிசிஹெச்-3 என்ற ஒட்டு 1968-இல் வந்தது. உலகில் ஆமணக்குக்கு அதுவே முதல் வணிக ஒட்டு. முழுப்பெண் லைனை எப்படிப் பெருக்குவது? வெயில் ஏறி 31, 32 டிகிரியைத் தாண்டினால் பெண் குலைக்குள் அங்கங்கே ஆண் பூக்கள் தலைகாட்டும். அந்த ஆண் பூக்களை வைத்தே வெப்பமான பருவத்தில் லைனைப் பெருக்கலாம், குளிர்ந்த பருவத்தில் ஒட்டு விதை எடுக்கலாம். போலிமாவில் தலைவலியாக இருந்த வெப்பநிலை இங்கே பராமரிப்பு லைனின் வேலையைச் செய்கிறது. ஒட்டு விதை வயலைத் தப்பான பருவத்தில் போட்டால் அதே ஆண் பூக்கள் விதையைக் கெடுத்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எள்ளில் மகரந்தத்தாள்கள் அல்லிக் குழலோடு ஒட்டியிருக்கும். மறுநாள் பூக்கப்போகும் மொட்டின் அல்லிக் குழலை முதல்நாள் மாலை மெதுவாக இழுத்தால் மகரந்தப்பைகளும் கூடவே வந்துவிடும். இவ்வளவு எளிதாக இருக்கும்போது கையாலேயே ஒட்டு விதை எடுக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எக்டேருக்கு 5 கிலோ விதை, ஆயிரம் விதை 3 கிராம் என்றால் ஏறக்குறைய 16.7 லட்சம் விதை. காய்க்கு 60 விதை வைத்தால் 28,000 பூக்கள், ஒரு எக்டேர் விதைப்புக்கு மட்டும். எள் விலைக்கு அது தாங்காது. எனவே எள்ளில் ஜிஎம்எஸ்தான் நடைமுறை வழி.

சோயாவில் சீனாவின் ஜிலின் மாகாணத்தில் சிஎம்எஸ் முறையில் முதல் வணிக ஒட்டு 2002-இல் வெளியானது. மூன்று லைன்களும் தயார், மலட்டுத்தன்மை நிலையானது. ஆனாலும் சோயா ஒட்டு இன்னும் சூரியகாந்தி போல் பரவவில்லை. சோயா தன் மகரந்தத்தாலேயே, பூ விரியும் முன்பே கருவுறும் பயிர். தேனீயை வரவழைக்கும் அளவுக்குப் பூவில் கவர்ச்சி இல்லை, தாய் வரிசையில் காய்ப் பிடிப்பு குறைவு. நிலக்கடலையில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். ஒரு செடி தரும் விதையும் குறைவு.

எதை எடுக்கலாம்?

சூரியகாந்தி என்றால் சிஎம்எஸ், யோசிக்கவே வேண்டாம். யோசிக்க வேண்டியது தந்தைப் பக்கத்தை: எத்தனை விதமான ஆர் லைன்கள் கையில் இருக்கின்றன, பெட்-1 அல்லாத ஒரு சைட்டோபிளாசத்தையாவது பக்கத்தில் வளர்க்கிறீர்களா என்பதை.

ரேப்சீட்டிலும் கடுகிலும் ஓகுராவின் மீட்பு லைன் முறையான உரிமத்தோடு கிடைத்தால் அதுவே என் தேர்வு. உரிமம் கிடைக்காவிட்டால், அல்லது கட்டணம் தாங்காவிட்டால், கடுகுக்கு மொரிகாண்டியா. பூக்கும் பருவத்தில் வெப்பநிலை ஏறி இறங்காத இடம் என்றால் போலிமா பக்கமும் போகலாம். மரபணு மாற்ற முறையை அனுமதி கையில் வந்தபின் சேர்த்துக்கொள்ளலாம், அதுவரை சிஎம்எஸ் வேலையை நிறுத்தக் கூடாது.

குசும்பா, எள் போன்ற சிறு பயிர்களில் ஜிஎம்எஸ்ஸில் தொடங்குவதே சரி. அங்கே ஆராய்ச்சிக்கு வரும் பணம் குறைவு, மீட்பு மரபணு தேடி வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது. ஆனால் விதை உற்பத்தி எங்கே நடக்கும், பூக்கும் இரண்டு வாரத்தில் அங்கே பழகிய ஆட்கள் கிடைப்பார்களா என்பதை ரகம் வெளியிடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கிடைக்க மாட்டார்கள் என்றால் எவ்வளவு நல்ல ஒட்டாக இருந்தாலும் விதை சந்தைக்கு வராது. ஆமணக்கில் முழுப்பெண் லைனை விட்டு வேறெங்கும் போக வேண்டிய தேவை இல்லை.

எந்த முறையாக இருந்தாலும் பின்கலப்பு தொடங்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்யலாம். மலட்டு லைனை இரண்டு இடத்தில், வெப்பநிலை நன்றாக வேறுபடும் பருவங்களில் விதையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் சில செடிகளைப் பூக்கும் முன் பை போட்டு மூடுங்கள். பைக்குள் விதை பிடித்தால் மலட்டுத்தன்மை அங்கே நிலைக்கவில்லை. மற்ற செடிகளைத் திறந்துவிட்டு, எக்டேருக்கு ஐந்து தேனீப் பெட்டி வரை வைத்து, நடுவில் வளமான வரிசைகளும் இருக்கும்படி விட்டு, ஒவ்வொரு செடியிலும் எவ்வளவு விதை பிடிக்கிறது என்று எண்ணுங்கள். பைக்குள் ஒன்றும் இல்லாமல், வெளியே வளமான செடிகளுக்குச் சற்றே குறைவாக விதை பிடித்தால் அந்த லைனில் பணம் போடலாம். பைக்குள்ளும் ஒன்றும் இல்லை, வெளியேயும் பாதிப் பூ காலி என்றால், ஆளியிலும் சோயாவிலும் இருக்கும் அதே தடை இங்கும் இருக்கிறது. தந்தை வரிசையை நெருக்கி, விதைப்பு நாளை முன்பின் மாற்றி இன்னொரு பருவம் பார்த்துவிட்டு, அப்போதும் மாறாவிட்டால் வேறு சைட்டோபிளாசத்துக்குப் போய்விடுவது நல்லது.